பானை யாருடையது?

2019 கோடையை சென்னைக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் என்று நாலு ஏரியும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருஷம். எங்கள் குடியிருப்பில் மே மாதமே போர் காற்று வாங்க ஆரம்பித்துவிட்டது. அப்புறம் லாரித் தண்ணீர்தான். செடிகளுக்குக் குழாய்த் தண்ணீர் விடக்கூடாது என்று படிக்கட்டுப் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். குடிக்கவே தண்ணீர் இல்லாதபோது அதைத் தப்பென்று சொல்ல முடியாது.

நாங்கள் இருப்பது தரைத்தளம். பின்பக்கம் பத்தடிக்கு இருபதடி மண் தரை உண்டு. அதில் அம்மாவின் ராஜ்ஜியம்: கறிவேப்பிலை, மல்லி, செம்பருத்தி, கத்திரி, மணத்தக்காளி, சுவரோரம் ஒரு புடலங்கொடி. நடுவில் அப்பா வைத்த எலுமிச்சை. அப்பா போய் அப்போது இரண்டு வருஷம். அரிசி கழுவின தண்ணீர், காய் கழுவின தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு பக்கெட்டில் சேர்த்து அம்மா முதலில் எலுமிச்சைக்குத்தான் ஊற்றுவார்.

அந்த நேரத்தில்தான் வாட்ஸப்பில் அந்தப் படம் வந்தது. மண்ணில் கழுத்துவரை புதைத்த ஒரு மண்பானை, சுற்றிலும் பச்சைப் பசேலென்று செடிகள். கீழே, 'நம் தமிழ் முன்னோர்கள் 5000 ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்த பானைப் பாசனம். பானையின் அடியில் சிறு துளை இடவும். பகிரவும்.' நானும் பகிர்ந்தேன். சொந்தக்காரர்கள் குழுவில் போட்ட ஐந்தாவது நிமிஷம் மாமாவிடமிருந்து பதில் வந்தது. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், அம்மாவின் தம்பி.

'ஏண்டா, 5000 வருஷம்னு யார் எண்ணினா? ஆதாரம் என்ன?'

என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் பானை வாங்கிவிட்டேன். சாலையோரக் கடையில் ஒன்று பொறுக்கி, அடியில் டிரில்லிங் மெஷினால் துளை போட்டு, எலுமிச்சைக்கு ஒன்றரை அடி தள்ளிக் குழி வெட்டிப் புதைத்தேன். வெட்டும்போது பென்சில் தடிமனுக்கு இரண்டு வேர்கள் அறுந்தன. பரவாயில்லை என்று நினைத்தேன். பானை நிறையத் தண்ணீர் ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் காலி. மண்ணுக்குக் கீழே எங்கேயோ போனது. ஜூன் கடைசியில் எலுமிச்சையின் ஒரு பக்கக் கிளைகள் முழுக்கக் காய்ந்தன. ஆடி பிறந்தபோது மரமே இல்லை.

அம்மா திட்டவில்லை. 'நல்லதுக்குத்தானே பண்ணினே' என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

மாமாவின் கேள்விக்கு பதில் தேட ஆரம்பித்தது இந்தக் குற்ற உணர்ச்சியில்தான். வேலைக்கு நடுவில், சனி ஞாயிறுகளில், விட்டு விட்டுத் தேடியதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம்மிடம் இருப்பது என்ன?

முதலில் நம் பக்கம்தான் தேடினேன். தோட்டத்துக்கு நீர் இறைப்பது பற்றி நம் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் நிறையவே இருக்கிறது. கோயில் நந்தவனங்களுக்கு நிலம் விட்டிருக்கிறார்கள். அங்கே நீர் இறைத்து, பூப்பறித்து, மாலை கட்டுகிறவர்களுக்கு நெல்லும் நிலமும் ஒதுக்கியிருக்கிறார்கள். சோழர் காலத்துப் பிரமதேய ஆவணங்களில், ஊருக்கு வரும் வாய்க்கால் நீரை வெளியாட்கள் குற்றேற்றம் போட்டோ கூடையால் இறைத்தோ எடுக்கக் கூடாது என்று நிபந்தனை வரும். குற்றேற்றம் என்றால் சிறிய ஏற்றம். ஒரு கூடைத் தண்ணீருக்குக்கூடச் சட்டம் போடும் அளவுக்கு அது விலையுள்ள பொருளாக இருந்திருக்கிறது.

ஆனால் இதெல்லாம் இறைத்து ஊற்றும் கதை. பானையைப் புதைத்த கதைக்கு ஒரு வரிகூட எனக்கு அகப்படவில்லை.

கொஞ்சம் நெருங்கி வந்தது இன்னொன்று. அக்னி நட்சத்திர நாட்களில் சிவன் கோயிலுக்குப் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். லிங்கத்துக்கு மேலே தாராபாத்திரம் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அடியில் உள்ள சின்னத் துளை வழியாகச் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டே இருக்கும். ஒடிசாவில் இதையே துளசிக்குச் செய்கிறார்கள். பணா சங்கராந்தி, அதாவது நம் சித்திரை பிறக்கும் நாளையொட்டி, துளசி மாடத்துக்கு மேல் துளையிட்ட ஒரு பானையைக் கட்டிவிடுவார்கள். வசுந்தரா தேக்கி என்று பெயர். கோடை முழுக்கத் துளசி வாடாது. வங்காளத்திலும் இந்த வழக்கம் உண்டு.

வாட்ஸப் படத்தில் 'துளை இடவும்' என்று சொன்னவர் இதையும் அதையும் குழப்பிக்கொண்டிருக்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது. தொங்கும் பானைக்குத் துளை வேண்டும். புதைக்கும் பானைக்குத் துளை இருக்கவே கூடாது. என் எலுமிச்சை பட்டுப்போனதற்குப் பாதிக் காரணம் அந்த இரண்டு வார்த்தைகள்.

சாங்கான் பக்கத்தில் ஓர் அதிகாரி

புதைத்த பானை பற்றி எழுத்தில் தெளிவாகக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு சீனாவில் இருக்கிறது. எழுதியவர் ஃபான் ஷெங்சி. மேற்கு ஹான் வம்சத்தில் செங் பேரரசர் காலத்து (கி.மு. 33 முதல் 7 வரை) அதிகாரி. தலைநகர் சாங்கானைச் சுற்றிய பகுதியில், அதாவது இன்றைய ஷியான் நகரத்துப் பக்கம், விவசாயிகளுக்குச் சாகுபடி முறைகள் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு அவருக்கு. இன்றைய கணக்கில் விவசாய விரிவாக்க அலுவலர் என்று வைத்துக்கொள்ளலாம்.

அவர் எழுதிய நூல் 18 அத்தியாயம் என்று ஹான் வரலாற்று நூலின் புத்தகப் பட்டியல் சொல்கிறது. முழு நூல் இப்போது இல்லை. கி.பி. 6ஆம் நூற்றாண்டில் ஜியா ஸிஷியே என்பவர் எழுதிய 'சிமின் யாவ்ஷூ' என்ற விவசாயக் களஞ்சியம் அதிலிருந்து நீளம் நீளமாக எடுத்தாண்டிருக்கிறது. அதனால் சுமார் மூவாயிரத்துச் சொச்சம் எழுத்துகள் தப்பித்தன. 1959இல் ஷி ஷெங்ஹான் என்ற சீன அறிஞர் இவற்றைத் தொகுத்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். சீனம் ஓர் எழுத்துகூடத் தெரியாத என்னைப் போன்றவர்களுக்கு அதுதான் வாசல்.

முலாம்பழ வகைக் கொடிக்கு அவர் சொல்லும் முறை இது. ஒரு மூ நிலத்தில் 24 குழி. ஒவ்வொரு குழியும் மூன்று சீன அடி அகலம், அதில் எரு ஒரு பங்கு, மண் ஒரு பங்கு கலந்து போட வேண்டும். குழியின் நடுவில் மூன்று தோ கொள்ளும் மண்பானையை, வாய் தரை மட்டத்துக்கு வரும்படி புதைக்க வேண்டும். பானை நிறைய நீர். பானையைச் சுற்றி நாலு பக்கமும் பக்கத்துக்கு ஒரு விதை. வாயை ஓட்டால் மூடிவிட வேண்டும். நீர் குறையக் குறைய ஊற்றி, எப்போதும் நிறைந்தே இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். துளை என்ற பேச்சே கிடையாது.

அதோடு நிற்கவில்லை மனுஷன். விதைகளுக்கு வெளிவட்டத்தில் பத்து வெங்காய வகைச் செடி வை, ஐந்தாம் மாதம் பழம் பழுக்கும்போது அதைப் பிடுங்கி விற்கலாம் என்கிறார். கொடிக்கு நடுவே சிறுபயறு விதை, அதன் இலை கீரையாக விலை போகும் என்கிறார். ஒரு மூவுக்கு 10,000 காசு வருமானம் என்று கணக்கும் தருகிறார். ஊடுபயிர், லாபக் கணக்கு எல்லாம் சேர்ந்த திட்ட அறிக்கை அது.

எஞ்சினியர் புத்தி சும்மா இருக்காதே, அளவுகளைப் பெயர்த்துப் பார்த்தேன். ஹான் காலத்து ஒரு தோ ஏறக்குறைய 2 லிட்டர். பானை 6 லிட்டர். 24 பானைக்கு 144 லிட்டர். நம் பிளாஸ்டிக் குடத்துக்குப் பத்துக் குடம். அன்றைய மூ சுமார் 460 சதுர மீட்டர், நம் கணக்கில் பதினோரு சென்ட் சொச்சம். பதினோரு சென்டில் 96 கொடி, எல்லாப் பானையையும் ஒருமுறை நிரப்பப் பத்துக் குடம். தலையில் சுமந்தே ஊற்றிவிடக்கூடிய அளவு.

பானைக்கு வெளியேயும் அவர் சொல்வதைப் பாருங்கள். சுரைக்கொடிக்கு வறட்சியில் குழிக்குள் நீர் ஊற்றாதே. குழியைச் சுற்றி நாலைந்து விரற்கடை ஆழத்துக்குச் சின்ன வாய்க்கால் எடுத்து அதில் நிறுத்து, ஈரம் தூரத்திலிருந்து தானாகப் போய்ச் சேரட்டும் என்கிறார். சணலுக்குக் கிணற்று நீர் பாய்ச்சினால், முதலில் வெயிலில் வைத்துக் குளிர்ச்சி போக்கிவிட்டுப் பாய்ச்சு என்கிறார். நமக்கு இது தலைகீழ். மே மாதம் மதியம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் டீயே போடலாம். அதை ஆறவைத்து விடிகாலையில் ஊற்ற வேண்டியிருக்கிறது. ஆனால் அடிப்படை ஒன்றுதான்: எவ்வளவு ஊற்றினாய் என்பதைவிட வேருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது முக்கியம்.

பானை ஏன் வேலை செய்கிறது?

சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. பளபளப்புப் பூச்சு இல்லாத பானையில் தண்ணீர் அந்தத் துளைகள் வழியே வெளியே கசியும். வெளி மண் காய்ந்திருந்தால் நீரை இழுக்கும் விசை அதிகம், கசிவும் அதிகம். மண் ஈரமாக இருந்தால் இழுப்பு குறையும், கசிவும் தானாகக் குறைந்துவிடும். வேர் நீரை உறிஞ்சினால் அந்த இடம் காய்ந்து மறுபடி இழுக்கும்.

சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னால் ஹோஸ் பைப் என்பது 'புஷ்' மாடல். வாங்குகிறவன் தயாரா என்று கேட்காமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். புதைத்த பானை 'புல்' மாடல், கேட்டால்தான் கொடுக்கும். சென்சார் இல்லை, டைமர் இல்லை, கரன்ட் இல்லை. மேல்மண் காய்ந்தே இருப்பதால் வெயிலில் ஆவியாவதும் குறைவு, களையும் குறைவு. அடியில் டிரில்லிங் மெஷினால் துளை போடுகிறவன் இந்த ஏற்பாடு முழுவதையும் ஒரே நிமிஷத்தில் காலி பண்ணிவிடுகிறான்.

நவீன விஞ்ஞானத்துக்குள் இது வந்ததில் இந்தியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஹரியானாவில் கர்னாலில் இருக்கும் மத்திய உவர்நில ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர்.சி. மண்டல் என்ற விஞ்ஞானி 1970களில் பானை வைத்துக் காய்கறி பயிரிட்டு ஆராய்ந்தார். 1974இல் வந்த அவர் கட்டுரைதான் பிறகு பல நாட்டு ஆராய்ச்சிகளில் மேற்கோளானது. கலிபோர்னியப் பாலை நிலங்களில் மரக்கன்று வளர்க்க இதைச் சோதித்த டேவிட் பெயின்பிரிட்ஜ் 2001இல் எழுதிய கட்டுரை இன்னொரு முக்கியமான மைல்கல். அவரும் ஃபான் ஷெங்சியிடம்தான் போய் நிற்கிறார். இன்று அமெரிக்காவில் 'ஓயா' என்ற பெயரில் இந்தப் பானையை நல்ல விலைக்கு விற்கிறார்கள். ஸ்பானிஷ் மொழியில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வெறும் பானைதான்.

முன்னோர் சொன்னது

இத்தனையும் படித்துவிட்டு மாமாவுக்கு போன் செய்தேன். 'நீங்க கேட்டது சரி மாமா. எழுத்துல இருக்கிற பழைய ஆதாரம் சீனாவுலதான். ரெண்டாயிரம் வருஷம்' என்றேன்.

'அந்த ஆள் தானா கண்டுபிடிச்சானா?' என்று அடுத்த கேள்வி போட்டார். வாத்தியார் இல்லையா.

போய் மறுபடி படித்தபோதுதான் அந்தப் பத்தி கண்ணில் பட்டது. குழி வெட்டிப் பயிரிடும் முறை, அந்தப் பானை முறைக்கும் தாய் முறை, எங்கிருந்து வந்தது என்று ஃபான் ஷெங்சியே சொல்கிறார்: ஷாங் வம்சத்தைத் தொடங்கிய தாங் அரசர் காலத்தில் பெரும் வறட்சி வந்ததாம். அவருடைய அமைச்சர் யீ யின் இந்த முறையை உண்டாக்கி, எரு இடவும் நீர் சுமந்து ஊற்றவும் மக்களுக்குக் கற்றுக்கொடுத்தாராம்.

தாங் அரசர் ஃபான் ஷெங்சிக்குச் சுமார் 1500 ஆண்டு முந்தியவர்! அதற்கு அவர் என்ன ஆதாரம் காட்டினார்? ஒன்றுமில்லை. நல்ல முறை என்றால் அதைப் பழைய பெரியவர் ஒருவர் தலையில் ஏற்றிவிடுவது. ஈராயிரம் ஆண்டுக்கு முன்னால் சாங்கானில் ஓர் அதிகாரி செய்ததைத்தான் 2019இல் வாட்ஸப்பில் யாரோ செய்தார்கள். நானும் பகிர்ந்தேன். படித்தபோது சிரிப்பு வந்தது. கோபம் கொஞ்சம் குறைந்தது.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஃபான் ஷெங்சி பெருமைக்கு ஒரு வரி எழுதினார். அதற்குப் பிறகு குழியின் அகலம், பானையின் கொள்ளளவு, விதையின் எண்ணிக்கை, மூடி எல்லாம் எழுதினார். வாட்ஸப்காரர் பெருமையை மட்டும் எழுதி, செய்முறையைத் தப்பாக எழுதினார். முன்னோர் பெயரில் ஒன்றைச் சொல்லும்போது அளவு தவறினால் முன்னோருக்கு நஷ்டமில்லை. செடிதான் சாகும்.

இன்னொரு விஷயத்தையும் நான் முதல் வாசிப்பில் தாண்டிப் போயிருந்தேன். எப்போது விதைப்பது? குளிர்கால சங்கிராந்தியிலிருந்து தொண்ணூறு அல்லது நூறு நாள் கழித்து என்கிறார். நம் காலண்டரில் மார்ச் கடைசி வாரம். அந்தப் பகுதியில் நல்ல மழை ஜூலைக்குப் பிறகுதான். அதாவது கோடை வருவதற்கு முன்பே பானை மண்ணுக்குள் போய்விடுகிறது. விதை அதன் பக்கத்தில் முளைத்து, வேர் முதல் நாளிலிருந்தே பானையைத் தேடி வளர்கிறது. இது வாடுகிற மரத்தைக் காப்பாற்றும் வைத்தியம் இல்லை. கோடையை எதிர்பார்த்துச் செய்யும் ஏற்பாடு. நானோ மே மாதம், வளர்ந்த மரத்தின் வேரை வெட்டிக்கொண்டு, அதுவும் துளை போட்ட பானையோடு போனேன். முறை தப்பில்லை. நாள் தப்பு, பானை தப்பு, ஆள் தப்பு.

அம்மா சொன்னது

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னபோது கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: 'எங்கம்மா ஓட்டைப் பானையை எறிய மாட்டா. கசியற பானையைப் பூசணிக் கொடி பக்கத்துல பாதி புதைச்சு வெச்சுடுவா. போறப்ப வர்றப்ப ஒரு சொம்பு ஊத்துவோம்.'

'இத ஏம்மா அப்பவே சொல்லல?'

'நீ எங்க கேட்ட? மெஷின எடுத்துண்டு போயிட்டியே.'

இது 1960களின் கதை. ஒரு வீடு, ஒரு பாட்டி. இதை வைத்து 5000 ஆண்டு என்று எழுத முடியாது, எழுதவும் மாட்டேன். பாட்டிக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்க இப்போது யாரும் இல்லை. ஆனால் என் ஊகம் ஒன்று உண்டு, ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மண்பானையும் தண்ணீர்த் தட்டுப்பாடும் இருந்த எந்த ஊரிலும், கசிகிற பானைக்குப் பக்கத்துச் செடி மட்டும் வாடாமல் நிற்பதை, தண்ணீர் சுமக்கிறவர் பார்த்திருப்பார். பெரும்பாலும் அது ஒரு பெண்ணாக இருந்திருக்கும். சீனாவில் அதை அளந்து எழுதி வைக்க ஓர் அதிகாரி இருந்தார். பூசணிக்கொடி பக்கம் போக நம் ஊரில் எழுத்தாணிக்கு நேரமில்லை. 'யார் கண்டுபிடித்தது' என்பதைவிட 'யார் எழுதி வைத்தது' என்பதற்கே வரலாற்றில் பெரும்பாலும் பதில் கிடைக்கிறது.

இந்த வருஷம் மார்ச் கடைசியில் ஐந்து பானை புதைத்தோம், ஃபான் ஷெங்சி சொன்னபடி. துளை இல்லாதவை. கழுத்து மட்டும் வெளியே, மேலே உடைந்த ஓடு. கொசு வராமலிருக்கவும் மூடி அவசியம். சுற்றிக் கத்திரியும் வெள்ளரியும். ஒரு பானைக்குப் பெயின்ட் அடித்திருந்ததைக் கவனிக்காமல் வாங்கிவிட்டேன். அது ஒரு வாரம் ஆகியும் குறையவே இல்லை, தோண்டி எடுத்தாயிற்று. மற்ற நாலும் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை நிரப்பினால் போதுமென்று இருக்கிறது. எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம், பானை வாயோரம் வெள்ளை பூத்திருக்கிறது. நுண்துளை அடைபட்டால் அடுத்த வருஷம் பானையை மாற்ற வேண்டி வரும்.

அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருக்கிறது. வெள்ளரி நிற்கிறது. ஐந்தாவது பானை எடுத்த குழி சும்மா கிடந்தது. நேற்று அம்மா அதில் எருவும் மண்ணும் பாதிப் பாதியாகப் போட்டு மூடிவைத்தார். 'ஐப்பசில மழை விழுந்ததும் ஒரு எலுமிச்சங்கன்னு வாங்கிண்டு வா. பானையை முன்னாடியே புதைச்சுடு' என்றார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது கொல்லையில் இப்படிப் பானை புதைத்ததைப் பார்த்திருந்தால் எழுதுங்கள். எந்த ஊர், ஏறக்குறைய எந்த வருஷம், எந்தச் செடி என்ற மூன்றும் இருந்தால் போதும். 5000 ஆண்டு எல்லாம் வேண்டாம்.